மழைக்குப் பிந்திய குட்டை

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பாசி அக்கா. பாத்திரம் கழுவத்தான் வேலைக்கு வந்தாள். ஒருநாள் கூடத்தை நடத்தும் மேடம், அவளைவிடப் பத்து வயது சின்னவள், "சும்மா பாருங்கக்கா" என்று மைக்ரோஸ்கோப்பைத் தள்ளிவைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் நட்சத்திரமும் பிறைநிலாவும் மிதந்தன. அன்று குனிந்தவள்தான். இப்போது கழிமுகத்துச் சதுப்பில் நுண்பாசிகளை இனம் பிரித்து வரைந்து வைப்பது அவள் வேலை. இப்படியொரு வேலை தனக்கு வாய்த்ததே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

அந்த வாரம் அவளுடைய ஒப்பந்த வேலையின் நீட்டிப்பு மேடத்தின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் அவள் புத்தி புல் மேயப் போனது.

மூன்று இடத்துத் தண்ணீர்: கடல் வாய், நடுக்குட்டை, கோரைப்புல் ஓரம். மழையில் நனைந்த பாட்டிலில் மார்க்கர் பிடிக்கவில்லை. பைக்குள் காய்ந்திருந்த மூடிகளில் எழுதிவிட்டாள். கூடத்துக்கு வந்து, பாசி கெடாமலிருக்க மருந்து விட மூன்றையும் திறந்து, மூடிகளை ஒரே தட்டில் போட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது எது எதனுடையது என்று தெரியவில்லை.

லென்ஸில் பார்த்தாள். முள்முள்ளாய்ச் சங்கிலி கோத்தது கடல் வாய், சந்தேகமில்லை. மற்ற இரண்டில் ஒன்று விதவிதமாய்ப் பச்சைக் கூட்டம். இன்னொன்றில் நாலைந்து இனம்தான். நடுக்குட்டை வெயிலில் வற்றி உப்பேறும் இடம், தாக்குப்பிடிப்பவை கொஞ்சம்தான். கோரை ஓரத்தில் ஓடையின் நல்ல தண்ணீர் விழும். அப்படியென்றால் கூட்டம் கோரை ஓரத்தது. எழுதி வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"அதான் கண்டுபிடிச்சிட்டியே, எழுதிட்டுப் போயேன்" என்றான்.

"தப்பா இருந்தா என்னங்க பண்றது?"

"பாசி வந்து உன்மேல கேஸா போடப்போகுது?"

சிரித்துவிட்டாள். ஆனால் சோறு இறங்கவில்லை.

காலையில் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மேடத்திடம் போய் நின்றாள்.

"மூடியிலயா எழுதினீங்க? ஏங்க்கா, இத்தன வருஷத்துக்கு அப்புறமுமா?" மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

"எது எதுன்னு பாசிய வச்சே சொல்லிடலாம் மேடம்..."

"நமக்குத் தெரிஞ்சத வச்சே பேர் வச்சிட்டா, அப்புறம் எதுக்கு முழங்கால் சேத்துல எறங்குறோம்? கொட்டுங்க எல்லாத்தையும்."

நீட்டிப்பு அவ்வளவுதான் என்று அவள் சிங்க்கில் பாட்டில்களைக் கவிழ்த்தாள். திரும்பினால் மேடம் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? கெளம்புங்க. தண்ணி ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

சதுப்பில் மேடம் இருமுறை வழுக்கி, ஒருமுறை அவள் தோளையே பிடித்துக்கொண்டாள். பாட்டில் உடம்பைத் துடைத்துத் துடைத்து எழுதினார்கள்.

பிற்பகல் லென்ஸில் குனிந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பச்சைக் கூட்டம் நடுக்குட்டையில் இருந்தது. தொடர் மழை உப்பைத் தணித்திருந்தது; மழை விட்டபின் அசையாத தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கியிருந்தது. கோரை ஓரத்தில் ஓடை கொண்டுவந்த செம்மண் கலங்கல், மேலே புல்லின் நிழல். அங்கேதான் நாலைந்து இனம்.

"நான் எழுதியிருந்தா தலைகீழாப் போயிருக்கும் மேடம்."

மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நல்லவேளை வாயத் தொறந்தீங்க." எதுவும் நடக்காததுபோல நீட்டிப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். "அடுத்த தடவ மூடியில எழுதினீங்க, கைய ஒடச்சிடுவேன்."

அவள் வெளியே போய், குழாயடியில் கிடந்த மேடத்தின் பூட்ஸை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

"ஐயோ அக்கா, அத ஏன் நீங்க..." ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னால ஒட்டின சேறுதானே மேடம்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. இரண்டு பூட்ஸையும் வெயில் படும் பக்கமாய்த் திருப்பி வைத்தாள்.