வீட்டிலிருந்து வந்த பாட்டில்

"2005, மாசி, செவ்வாய். ஒத்திகையில் கணவனாக டிரைவர் அண்ணன். எல்லோரும் சிரித்தோம்." என் பயிற்சிக் கால நோட்டில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி, பங்குனியில் இன்னொன்று: "சிறுநீர் மாதிரி, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நிலையத்துக் குழாயில் தண்ணீர் இல்லை." இந்த இரண்டையும் இத்தனை வருடமாக மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் கிராமச் செவிலியர் பயிற்சியில் இருந்தேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய துணை சுகாதார நிலையத்தில் களப்பயிற்சி. வீட்டில் அடிபடும் கர்ப்பிணிகளை எப்படிக் கண்டுகொள்வது என்று எங்கள் பயிற்சி மேடம் ஒரு வகுப்பு எடுத்தார். புருஷனோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். சிறுநீர்ப் பரிசோதனைக்கென்று பாட்டிலைக் கொடுத்துக் கழிவறைப் பக்கம் அழைத்துப்போய்க் கேளுங்கள், அவன் பின்னால் வர முடியாத இடம் அது ஒன்றுதான் என்றார். பாட்டிலோடு அதை நடித்துப் பார்க்க ஓர் ஆண் வேண்டியிருந்தது. எங்களை வேனில் அழைத்துவரும் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனிதர். மழை நாளில் எங்கள் செருப்புகளை எடுத்து வண்டிக்குள் வைப்பவர். நடிப்பிலாவது முறைப்பார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மனைவியாக நடித்தவளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க கேளுங்க மேடம், நான் இருந்தா என்ன? அவ பயந்த சுபாவம்" என்றார். "அண்ணே, இப்டி ஒரு புருஷன் கெடச்சா நாளைக்கே கட்டிக்குவேன்" என்று ஒருத்தி சொல்ல, மேடமே சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் அவர் தன் மனைவியை அழைத்துவந்தார். ஏழு மாதம். எடை பார்ப்பது அன்று என் முறை. பை அவர் தோளில் இருந்தது. வகுப்பில் சொன்னபடி பாட்டில் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "வீட்லயே புடிச்சாந்துட்டோம்மா. இங்க கொழாயில தண்ணி வராதில்ல." அந்தப் பக்கம் தண்ணீர் வராத நாட்கள் அதிகம்தான். மனைவி எடைக் கருவியில் நின்று முள்ளையே பார்த்தபடி, "அவரு எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சிடுவாருங்க" என்றாள். அது பெருமையா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கையில் காலில் காயம் எதுவும் தெரியவில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

மேடமிடம் சொன்னேன். "நாமளே சொல்லிக் குடுத்துட்டமோ" என்றார். உடனே, "தங்கமான மனுஷன்மா அவரு" என்றார். அடுத்த முறை அவளைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த முறை அவள் வரவில்லை. பிரசவத்துக்குக் கிளியனூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாக அண்ணன் சொன்னார். அதுவே பதிவேட்டில் ஏறியது.

இன்று நானும் வகுப்பெடுக்கிறேன். பாட்டில் வழியைச் சொல்லும் முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறேன். ஒரு நல்ல மனிதரைச் சந்தேகிக்கிறேனோ என்று ஒவ்வொரு முறையும் கை தயங்குகிறது. குழாயில் தண்ணீர் இல்லை என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. திருகிப் பார்த்து எழுதினேனா, அவர் சொன்னதை அப்படியே எழுதினேனா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.