கண் கொடுத்தவர்களின் பாதை

போன வருடம் பொங்கல் கழிந்த கையோடு, என் மகளுடன் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்காகச் செங்கல்பட்டில் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போயிருந்தேன். எங்களுக்கு மதுராந்தகம் பக்கம் விவசாயம். சர்ச்சுக்குள் நான் கால் வைத்ததே அன்றுதான்.

பூசை முடிந்ததும் பந்திக்குக் கூட்டம் முண்டியது. காற்றாட நிற்கலாமென்று பின்பக்கம் போனேன். அங்கே பாதிரியார் தங்கும் சாமியார் பங்களா. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். யானை நுழையும் உயரத்துக்குக் கதவுகள், ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்குச் சுவர். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அதன் படியிலிருந்து தோட்டத்துக்குள் கல் பாவிய நடைபாதை ஒன்று போனது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரக் கருங்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பெயருக்கு மேல் உளியால் கொத்திய ஒரு கண்.

கல்லறைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டோமோ என்று பதறிச் செருப்பைக் கழற்றினேன். ஒரு கல்லை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தார். என் வயதுதான் இருக்கும்.

"பயப்படாதக்கா. கல்லறை ஊருக்கு வெளிய கீது. இவங்கல்லாம் எங்க கோயில்ல கண்தானம் பண்ணவங்க. இது எங்க வூட்டுக்காரரு. ஆட்டோ ஓட்டிகினு இருந்தாரு."

கண்தானம் என்றதும் எனக்கு என் கண் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் கதிரடிக்கும்போது நெல் தெறித்து என் இடது கண்ணில் பட்டது. புண்ணாகி, கருவிழி வெளுத்து, விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்த பிறகே பார்வை திரும்பியது. யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். நானும் பெரிதாக யோசித்ததில்லை. சொட்டு மருந்து, கண்ணாடி, அதோடு சரி.

அதை அவரிடம் சொன்னேன். துடைத்த கை அப்படியே நின்றது.

"எந்தக் கண்ணு?"

காட்டினேன். எழுந்து கிட்டே வந்தார்.

"அவரு கண்ணான்னு கேக்கலக்கா. அது யாருக்கும் தெரியாது. ஆனா கண்ண எடுக்க வந்தப்போ நான் கத்துனேன். கண்ணு இல்லாம மேல போய் எப்டி வழி தேடுவாருன்னு. மாமியாதான் குடுத்துடுன்னாங்க. தலைய ஆட்டிட்டேன். சரியா பண்ணனா, தப்பா பண்ணனான்னு இன்னிக்கி வரிக்கும் மனசு அடிச்சிக்கினே கீது. கண்ணு வாங்குனவங்க ஒருத்தரக்கூட நான் பாத்ததில்ல."

சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார். "இப்ப சொல்லு. இன்னா தெரியுது?"

"நீதான் தெரியுற. பச்சப் பொடவ. தோள்ல ஒரு காஞ்ச எல. கண்ணுல தண்ணி."

அவர் கையை எடுக்கவில்லை. கல்லைக் காட்டி, "படி" என்றார். அவர் கணவரின் பெயரை வாசித்தேன். "அடுத்தது" என்றார். பொத்திய கையோடு அவர் கூடவே நடக்க, நான் அந்த ஒற்றைக் கண்ணால் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். "டீச்சரு", "கொத்தனாரு", "பாவம், சின்னப் பொண்ணு" என்று அவர் ஒவ்வொருவரையும் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்குக் கொடுத்தவர் இவர்களில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இவர்களுடைய கண்களெல்லாம் இந்த நேரத்தில் எங்கோ பஸ் போர்டைப் படித்துக்கொண்டும், பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டும் இருக்கின்றன என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. மாமல்லபுரத்தில் கடலை முதன்முதலாகப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

கடைசிக் கல்லில் கையை எடுத்தார். "நல்லாத்தான் தெரியுது. நான் தப்பு பண்ணல" என்றார், என்னிடமா தனக்குத்தானா தெரியவில்லை. பிறகு என்னைப் பந்திக்கு இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, என் இலையில் பிரியாணி குறையாமல் பார்த்துக்கொண்டார்.

முன்பின் தெரியாத ஒரு வீட்டில் யாரோ அழுதுகொண்டே தலையாட்டியதால்தான் நான் இந்த உலகத்தை முழுசாகப் பார்க்கிறேன் என்பது, தினமும் காலையில் கண் விழிக்கும்போது என்னை ஒரு நிமிடம் அசையாமல் உட்காரவைத்துவிடுகிறது.