நேராத நேர்த்திக்கடன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் புருஷனின் தொந்தியைப் பார்த்துத்தான் பெண்டாட்டியை மெச்சுவார்கள். அந்த வகையில் இராஜம்மாவை மிஞ்ச ஆளில்லை. தண்டவாளத்தோடு நடந்து ஆணி தட்டிய காலத்தில் அவள் புருஷன் அய்யாவு குச்சிபோல இருந்தார். பிறகு ஸ்டோர் காவலுக்கு மாற்றி நாற்காலி கொடுத்தார்கள். வேலை குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. மேலே நெய் வேறு. "போதும் புள்ள" என்று அவர் தட்டை மறைத்தால், கையைத் தள்ளிவிட்டு ஊற்றுவாள்.

ஒருநாள் ஸ்டேஷன் பாலத்துப் படியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். ரயில்வே ஆஸ்பத்திரித் தம்புசாமி டிரெஸ்ஸர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு இராஜம்மாவைத்தான் பார்த்தார்.

"புருஷனுக்குச் சோறு போட்டியாம்மா, கெடாவுக்குத் தீனி வச்சியா? உடம்பு எறங்கணும், தெனம் நடக்கணும். இல்லன்னா நெஞ்சு தாங்காது."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றோடு நெய் நின்றது. அய்யாவுதான் அசையவில்லை.

"ரயிலுக்காக நடந்து தேஞ்ச காலு இது. இனிமே சும்மா வேற நடக்கணுமா? போ லா!"

வீட்டில் குறைந்ததைக் காதர் கடை ரொட்டியில் ஈடுகட்டிக்கொண்டார். கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் அவள் வாயில் பொய் வந்தது.

"நீங்க மூச்சு முட்டிக் கெடந்தப்ப பத்துமலை முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேங்க. தைப்பூசத்துக்கு நீங்க தேரு பின்னால வெறுங்காலோட மலைவரைக்கும் நடந்து வரணும், அதுவரைக்கும் ஒருவேளைச் சோறுதான்னு."

டிரெஸ்ஸருக்கு அசையாத மனுஷன் சாமிக்கு அசைந்தார். "என்னைக் கேக்காம நேர்ந்துட்டியே, பாவி!" என்று திட்டிக்கொண்டே, விடியலில் பங்சார் தோட்டம்வரை நடந்து பழகினார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது.

"என்னக்கா, வீட்ல ஒலை வைக்கிறதில்லையா?" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அதை அவளால் தாங்க முடிந்தது. அவர் பாதக் கொப்புளத்துக்கு அவள் எண்ணெய் தடவும்போது, "சாமி காரியம், வலிக்கட்டும்" என்பாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாமா என்று கை நிற்கும். சொன்னால் நாளைக்கே காதர் கடை. மறுபடியும் தடவுவாள்.

தேர் பின்னால் நடந்து வந்த அய்யாவு தைப்பூசத்தன்று மலைப்படிகளை நிற்காமல் ஏறினார்; மூச்சிரைத்துப் பின்தங்கியவள் அவள்தான். சன்னதியில் அவர் வாய்விட்டே வேண்டினார்: "எனக்காக நேர்ந்துக்கிட்டவ. அவளுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதப்பா."

கும்பிட்ட கையை அவளால் நெஞ்சுக்கு மேல் உயர்த்த முடியவில்லை.

வெளியே வந்ததும் அவர் சோம்பல் முறித்தார். "அப்பாடா, கடன் தீந்துச்சு. நாளையிலேர்ந்து வெயில் ஏறுறவரைக்கும் தூக்கம். அப்புறம் காதரோட ரொட்டி!"

உண்மையைச் சொல்லத்தான் இராஜம்மா வாயைத் திறந்தாள். இவ்வளவு படி ஏறியும் அவர் மூச்சு சீராக வந்து போவதைப் பார்த்தாள்.

"மூணு வருஷம்ங்க" என்றாள்.

"என்னது?"

"மூணு தைப்பூசம்னு நேர்ந்துக்கிட்டேன். மொதல்லயே சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு..."

அய்யாவு தலையில் அடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். இராஜம்மா சன்னதிப் பக்கம் திரும்பாமல் அவர் பின்னாலேயே இறங்கினாள்.