மாஸ்டர் எந்த ஊரு?

ஓட்டலில் கேப்டன் வேலை என்றால் வேறொன்றுமில்லை, அடுத்தவர் சமைத்ததற்கு நாம் நின்று திட்டு வாங்குவது. கையில் தட்டோடு கால் கடுக்க நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நமக்கெல்லாம் உட்காரக் கிடைப்பதே அபூர்வம்.

நான் நின்றது மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு சைவ ஓட்டலில், இரண்டாயிரத்தை ஒட்டிய மூன்று வருஷம். முதலாளி சென்னையில் டைல்ஸ் வியாபாரி. டைல்ஸ் பார்க்க பார்சிலோனா போனவர், பட்டினி கிடக்க முடியாமல் அங்கே ஒரு சைவ ஓட்டலைத் தேடிப் பிடித்திருக்கிறார். வெள்ளை மேஜைவிரிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தட்டு, அத்தனையும் காய்கறி. கடைசித் தட்டு போனதும் மாஸ்டர் வெளியே வந்து ஒவ்வொரு மேஜைக்கும் கை கொடுப்பது அந்த ஓட்டல் வழக்கமாம். அப்படி வந்து கை கொடுத்தவர் நம் சதுரங்கப்பட்டினத்துச் சூசை! மீன்பிடிக் குப்பத்தில் பிறந்து, கப்பல் சமையல்கட்டில் ஏறி, பார்சிலோனாவில் இறங்கி, அங்கேயே ஆறு வருஷம் அடுப்படியில் நின்றவர். முதலாளி அவரிடம் பேசிப் பேசி ஊருக்கே கூட்டி வந்துவிட்டார்.

சூசை அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இங்கேயும் கடைசித் தட்டு போனதும் தான் வெளியே வர வேண்டும். அதற்காகவே அங்கே போட்ட வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு, சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். முதலாளி சொன்னார்: "தாராளமா வா சூசை. முதல்ல கடை நிக்கட்டும்."

ஏழு தட்டு

கடை எங்கே நின்றது? நான்தான் நின்றேன். முதல் மாதம் ஒரு குடும்பம் வந்தது. பக்கத்து டவுன்ஷிப்பில் வேலை, சொந்த ஊர் தெற்கே. பாதாம் அரைத்த குளிர்ந்த சூப்பைக் கொடுத்தேன். நாங்கள் சர்க்கரை போட மறந்துவிட்டதாக அந்த வீட்டு அம்மா ரகசியமாக என்னிடம் சொன்னார். நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, ஆலிவ் எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் வந்தது. கேழ்வரகு ரொட்டித் துண்டின்மேல் தக்காளி தேய்த்தது வந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான், ஆனால் சூசை அண்ணன் கையில் கத்தரிக்காய்கூட வேறு சாதிக் காயாகிவிடும். நானே வழித்துத் தின்றிருக்கிறேன்.

ஏழாவது தட்டும் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. குடும்பத் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தயாராகி, என்னைக் கூப்பிட்டார்: "சேம்பிள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சாப்பாடு எப்ப வரும்?"

காற்று

பக்கத்து மணலில் மீனவர்கள் கருவாடு காயப்போடுவார்கள். அது அவர்கள் இடம், நாங்கள்தான் பிறகு வந்தோம். மத்தியானக் காற்று திரும்பினால் எட்டு மேஜையும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தும். முதலாளி மூலைக்கு மூலை ஊதுவத்தி ஏற்றச் சொன்னார். கருவாடும் ஊதுவத்தியும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்று நான் எழுத மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கருவாடு புரட்டும் அம்மா வேலியோரம் வந்து நின்றார். முகத்தில் நிஜமான கவலை. "இன்னா நைனா, நாலு நாளா ஒரே ஊதுவத்தியாக் கீது, உங்க ஓட்டல்ல யாருனா பூட்டாங்களா?"

அந்தக் கேள்வி

சைவ ஓட்டலில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். "மாஸ்டர் எந்த ஊரு?" கேட்பது ஊரை இல்லை, சாதியை. அது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஊரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிக்கொள்வோம்.

ஒரு பெரியவர், நல்ல மனுஷர்தான், இரண்டாவது தட்டில் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். பார்சிலோனா என்றேன். "அது வேலை பார்த்த ஊரு. சொந்த ஊரு?" என்றார். கரண்டி தட்டின் ஓரத்தில் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த ஒரே மேஜை அது. சதுரங்கப்பட்டினம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். வந்தது பாலக்காடு. ஏன் அந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஐயர் சமையலுக்குப் பேர்போன ஊர், நாக்கு நுனியில் இருந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. அந்த ஓட்டலில் மீனைத் தொடாத ஒரே ஆள் சூசை அண்ணன்தான். பார்சிலோனாவிலேயே விட்டுவிட்டார், "நாக்கு மாறிப்பூட்ச்சு, வாடையே ஆவல" என்பார். மூன்று மணிக்கு வஞ்சிரம் வறுவல் தின்றுவிட்டு, வாயில் சோம்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பவன் நான். பெரியவர் கரண்டியைத் திரும்ப எடுத்தார். கண்ணை மூடி ஒரு வாய் சாப்பிட்டார். "அதானே பார்த்தேன், கைமணமே சொல்லுதே!"

கூட்டம்

பெரியவர் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். கடற்கரையில் பாலக்காட்டு மாஸ்டர், வெளிநாட்டில் கற்றவர் என்று பேச்சு பரவி, ஞாயிற்றுக்கிழமை மேஜை கிடைக்காமல் ஆகிவிட்டது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், தோளில் தட்டினார்: "நல்ல வேலை பண்ணின. மாத்திகீத்தித் தொலைக்காத."

சூசை அண்ணனிடம் மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. ஏழாவது தட்டு போனதும் அவர் அடுப்பைத் தணித்துவிட்டு அதன் வழியாகப் பார்ப்பார். யார் வழித்துச் சாப்பிடுகிறார்கள், யார் மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு ஆணியில் தொங்கும் கோட்டைப் பார்ப்பார். பிறகு என்னை. "இன்னா கேப்டன், இப்பதான் ஜனங்க வந்துகினே கீறாங்களே, நான் எப்ப வெளிய வர்றது?"

பொன்னாடை

ஒரு மத்தியானம் அறுபதாம் கல்யாண விருந்து. நாற்பது பேர். சூசை அண்ணன் விடியற்காலையில் வந்து தனி ஆளாக நின்று சமைத்தார். ஏழாவதான ஆரஞ்சுத் தோல் போட்ட பால்கட்டி இனிப்பு இன்னும் போகவில்லை. அதற்குமுன் ஆறு தட்டும் துடைத்து வைத்ததுபோல் திரும்பி வந்தன. அப்போது மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த அறுபது வயதுக்காரர் என்னைக் கூப்பிட்டார். கையில் ஜரிகைப் பொன்னாடை. "மாஸ்டரைக் கூப்பிடுங்க, நாங்க மரியாதை செய்யணும்."

எனக்குச் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. ஓடிப்போய், "அண்ணே, கூப்பிடறாங்க!" என்றேன். அவர் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். கோட்டை மாட்டினார். பட்டனை நான் போட்டுவிட்டேன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, கோட்டுக்கு வெளியே கிடந்தது. கதவுக்குப் போனால், முதலாளி உள்ளே வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். "சூசை, கொஞ்சம் இருப்பா." காபி போடும் கிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணனுக்கு மதுராந்தகம், வயசாளி, நெற்றி நிறைய விபூதி, பாலக்காட்டை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. "நீ வா."

"நான்தானே மொதலாளி ஆக்குனேன்?" என்றார் சூசை அண்ணன். முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். வேறு வழியில்லாமல் நான் சொன்னேன், அந்தப் பெரியவர், அந்தக் கரண்டி, பாலக்காடு, எல்லாவற்றையும். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. "ஓ" என்றார். அவ்வளவுதான்.

வட்டக் கண்ணாடி வழியாக அவர் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். கிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கை கொடுத்தார்கள், ஒரு அம்மா குழந்தையை ஆசீர்வாதம் வாங்க வைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. சூசை அண்ணன் திரும்பிவந்து, நாற்பது இனிப்புத் தட்டையும் ஒன்றுவிடாமல் ஓரம் துடைத்து அனுப்பினார். கிருஷ்ணன் உள்ளே வந்து, அழுதுகொண்டே, பொன்னாடையைச் சமையல் மேடையில் வைத்தார்: "இது உங்களுது மாஸ்டர்." சூசை அண்ணன் அதை எடுத்து, மேடையில் சிந்தியிருந்த தண்ணீரின்மேல் ஒரு இழுப்பு இழுத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. "தொடைக்கக்கூட ஆவாது அண்ணாத்த, தண்ணி இஸ்துக்கல."

சதுரங்கப்பட்டினம்

மறுநாள் அவர் வரவில்லை. கோட்டும் ஆணியில் இல்லை. கிருஷ்ணனுக்குத் தெரிந்தது காபி, முதலாளிக்குத் தெரிந்தது டைல்ஸ், எனக்குத் தெரிந்தது பொய். இரண்டு மாதத்தில் எட்டு மேஜையும் காலி.

போய்க் கூட்டி வா என்று முதலாளி என்னைத்தான் அனுப்பினார். பழைய டச்சுக் கோட்டையைத் தாண்டி, குப்பத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி வலையைப் பிரித்தார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று வழி நெடுக மனப்பாடம் பண்ணிவைத்திருந்தேன். வாயில் வந்தது பழக்கதோஷம்: "மாஸ்டர் எந்த ஊருக்குப் போயிருக்காருங்க?"

அந்த அம்மா கோபமே படவில்லை. "வேலைக்குத்தான் பூட்டாரு. எந்த ஊருன்னு நான் இன்னாத்துக்கு சொல்லணும்? உனக்குப் புடிச்ச ஊரா ஒண்ணு நீயே சொல்லிக்க."

சுத்த சைவ ஓட்டலில் மூன்று வருஷம் வேலை பார்த்து, தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்டு திரிகிறவன் அனேகமாக நான் ஒருவன்தான்.