அப்பாவின் ஒன்றாம் தேதி அளவு

என் அப்பா ஜோசியா டேவிட்சனிடம் எது கேட்டாலும் உடனே பதில் வராது.

"டீ வேணுமா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். பதில் இருக்காது. அம்மா தலையை நீட்டுவாள். "கைக்கு இவ்ளோ யோசனை? டீதானே கேட்டேன், சொத்தையா எழுதித் தரக் கேட்டேன்?" அதற்கும் ஒரு நொடி கழித்துத்தான் அப்பா "ஹவ்" என்பார். உருதும் தெலுங்கும் புழங்கும் மாரெட்பள்ளியில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். எங்கள் வீட்டில் ஏன் என்பது கைக்கு, ஆமாம் என்பது ஹவ், வேண்டாம், இல்லை இரண்டுக்கும் நக்கோ. ஹவ்வும் நக்கோவும் அப்பாவிடமிருந்து தாமதமாகத்தான் வரும்.

அப்பா முதலில் ஆல்வால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். 1998இல் அதை மூடினார்கள். அடுத்த வருடம் மாரெட்பள்ளியில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த குழந்தைகள் மனநல கிளினிக்கில் சேர்ந்தார். மனநல நிபுணர் சகுந்தலா மேடம் அதை நடத்தினார். அப்பாவின் வேலை, கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்குக் கவனச் சோதனை வைப்பது. ரிப்போர்ட்டில் கையெழுத்து மேடத்துடையது. அப்பாவின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

சோதனை எளிமையானது. திரையில் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். முக்கோணம் வந்தால் அழுத்தக் கூடாது. இருபத்திரண்டு நிமிடம் இதேதான். முடிவில் நான்கு எண்கள் வரும். வட்டத்தைப் பார்த்தும் அழுத்தாமல் விட்டது எத்தனை, முக்கோணத்துக்கு அவசரப்பட்டு அழுத்தியது எத்தனை, அழுத்த எடுத்த நேரத்தின் சராசரி, அந்த நேரம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாறியது என்ற சிதறல். முதல் இரண்டுக்கும் அப்பா வைத்த பெயர் 'விட்டது', 'முந்தினது'.

"நாலையும் சேத்துப் படிக்கணும், ஈவா. ஒத்தையா படிச்சா எண் பொய் சொல்லும்" என்பார். சராசரி வேகமாக இருந்து முந்தினது அதிகமென்றால் அவசரம். சராசரி மெதுவாக இருந்து தவறுகள் குறைவென்றால் அது நிதானமான பிள்ளை, நோய் இல்லை. சிதறல் பெரிதாகி, கடைசி நிமிடங்களில் விட்டதும் கூடினால் கவனம் நழுவுகிறது. இதெல்லாம் மேடம் படிப்பது. அப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்: '14ஆம் நிமிடம் கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தது.' 'காலையில் சாப்பிடவில்லையாம்.' மேடம் அதையும் படித்துவிட்டுத்தான் எழுதுவார். அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு பழக்கத்தை அப்பா கொண்டுவந்திருந்தார். பொருளை அளப்பதற்கு முன்னால் கருவியை அளக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, கிளினிக் திறக்குமுன், சோதனையைத் தானே செய்வார். நான்கு எண்களையும் ஒரு நீள நோட்டில் எழுதுவார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. எண் மாறினால் ஏன் மாறியது என்று அதில் எழுத வேண்டும். பத்து வருடம் அவர் சராசரி 405க்கும் 420க்கும் நடுவிலேயே இருந்தது. மில்லி செகண்ட் கணக்கு; ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காரணக் கட்டம் பெரும்பாலும் காலி.

2009 ஜூலை ஒன்றாம் தேதி 473 வந்தது.

அவர் எழுதிய காரணம்: 'தூக்கமில்லை.' ஆகஸ்டில் 471. 'கண்ணாடி மாற்ற வேண்டும்.' மாற்றினார். செப்டம்பரில் 476. 'வயது 54.' எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கருவியையும் நம்பாத மனிதர், தன் எண் கெட்டபோது மட்டும் தன்னையே சந்தேகப்பட்டார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்.

"ஈவா, கிளினிக் வரைக்கும் வர்றியா? ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"யாருக்கு?"

"உனக்கு. நானும் கிழவனாயிட்டேனா, இல்ல மெஷின் கிழமாயிடுச்சான்னு பாக்கணும்."

கல்லூரி நாட்களிலும், கச்சிபௌலியில் வேலைக்குச் சேர்ந்த வருடமும் நான் அந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். அந்த எண்கள் அவர் நோட்டில் இருந்தன: 342, 345. அன்று 404. நோட்டை நான் அப்போதுதான் பார்த்தேன். காரணக் கட்டத்தில் அவர் எழுதியிருந்ததையும் பார்த்தேன்.

"அப்பா, உங்களுக்கும் அறுபது கூடியிருக்கு, எனக்கும் அறுபது கூடியிருக்கு. சிதறல் ரெண்டு பேருக்கும் மாறவேயில்ல. வயசானா சிதறல்தானே முதல்ல கூடும்?"

வழக்கம்போலக் காத்திருந்தார். "ஹவ்" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். ஜூன் கடைசியில் கிளினிக் வாங்கிய பெரிய தட்டைத் திரை. டிவியாகவும் போட்டுக்கொள்ளலாம்.

சாதனங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மின் சிக்னலை நேரக் கணக்கோடு வரைந்து காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப்பும், ஒளி பட்டால் சிக்னல் தரும் சின்ன சென்சாரும் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டர் வட்டத்தை அனுப்பும் கணத்துக்கும் அது திரையில் தெரியும் கணத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அளந்தேன். அறுபது மில்லி செகண்ட். படத்தை மெருகேற்றிக் காட்ட அந்தத் திரை எடுத்துக்கொண்ட நேரம். அதையும் கம்ப்யூட்டர் குழந்தையின் கணக்கில் எழுதியிருந்தது.

அப்பா புதுத் திரையைக் கழற்றி, ஸ்டோர் ரூமிலிருந்து பழைய கனத்த மானிட்டரைத் தூக்கி வந்தார். உட்கார்ந்து சோதனை செய்தார். 413. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஜூலையிலேர்ந்து முப்பத்தோரு பிள்ளைங்க" என்றார்.

மறுநாள் மேடத்திடம் போனோம். மேடம் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"அறுபது மில்லி செகண்ட், ஜோசியா. கண் சிமிட்டறதுக்குள்ள போயிடும். இதுக்கு முப்பத்தோரு வீட்டுக்கு போன் பண்ணணுமா?"

அப்பா காத்திருந்தார். "கண் சிமிட்டறதுக்குள்ள போறதைத்தான் மேடம் நாம அளந்து எழுதிக் குடுத்திருக்கோம்."

நான் குறுக்கே புகுந்தேன். "எல்லாத்திலயும் அறுபதைக் கழிச்சிட்டா போதுமே. ஒரு மணி நேர வேலை."

"கழிச்சா உன் கணக்கு சரியாயிடும்மா. நாம தப்பு பண்ணோம்னு அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் பேனாவை மூடினார். "லிஸ்ட் குடுங்க" என்றார். முதல் போனை அவரே செய்தார்.

அந்தப் பட்டியலில் அப்பாவை அதிகம் உறுத்திய பெயர் சௌம்யா. எட்டு வயது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். கடைசி நிமிடங்களில் விட்டதோடு சராசரியும் எல்லைக்கு வெளியே போயிருந்ததால், கவனக் குறைபாடு என்று ரிப்போர்ட். பள்ளியில் அவளைத் தனிப் பிரிவுக்கு மாற்றப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பம். அவளை அதற்குள் மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

சனிக்கிழமை சௌம்யா தன் அம்மா சுமதியோடு வந்தாள். உள்ளே நுழைந்ததுமே தெலுங்கில், "மள்ளீ அதேனா, அங்கிள்?" என்றாள். மறுபடி அதேவா?

"ஹவ், பேட்டா. அங்கிள் போன தடவை தப்பா வெச்சிட்டேன்."

"மீக்கு எந்த மார்க்?" உங்களுக்கு எவ்வளவு மார்க்?

"எனக்கு சைபர்" என்றார் அப்பா. அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

வெளியே பெஞ்சில் நான் சுமதியின் பக்கத்தில் இருந்தேன். முடிந்ததும் அப்பா தாளோடு வந்தார். சுமதி எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களா?"

அப்பா அவசரப்படவில்லை. "அதை மேடம்தான் சொல்லணும்மா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அன்னைக்கு நாங்க அளந்தது தப்பு."

"கவனமில்லைன்னு பேப்பர்லயே போட்டிருக்குன்னு சொல்லிச் சொல்லி இவள அடிச்சிருக்கேனுங்க சார்." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"தப்பு எங்களோடதும்மா" என்றார் அப்பா. கையில் இருந்த தாளை மேடத்திடம் கொண்டு போனார்.

சராசரி எல்லைக்குள் வந்திருந்தது. கடைசி ஐந்து நிமிடங்களில் விட்டது மட்டும் கொஞ்சம் அதிகம். மேடம் மாத்திரையை நிறுத்தி வைத்தார். பள்ளிக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதம் ஆசிரியையோடு பேசிக் கவனித்தார். சௌம்யா அதே வகுப்பில் இருந்தாள். கணக்கில் கடைசிப் பக்கத்தை எழுத மறந்துகொண்டே தேறினாள்.

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் திரும்ப வந்தார்கள். பத்தொன்பது பேருக்கு முடிவு மாறவில்லை. ஏழு பேருக்கு மாறியது. ஐந்து பேர் வரவேயில்லை. அந்த ஐந்து பெயர்களையும் அப்பா நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்தார். இப்போதும் இருக்கின்றன.

இரண்டு வருடம் கழித்து, 2011 அக்டோபரில், எண் மறுபடி நகர்ந்தது. இந்த முறை அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். சராசரி பதினைந்துதான் கூடியிருந்தது. சிதறல் எழுபதிலிருந்து நூற்றுப் பதினெட்டு. விட்டது நான்கு.

"மறுபடியும் மானிட்டராத்தான் இருக்கும் அப்பா. வர்றேன்."

ஆசிலோஸ்கோப்போடு போனேன். திரையில் தாமதம் இல்லை. பொத்தானை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். நானே உட்கார்ந்து சோதனை செய்தேன். 346. மறுபடி செய்யலாம் என்றேன். அப்பா என் கையிலிருந்து கேபிளை வாங்கி வைத்தார். நோட்டை எடுத்துக் காரணக் கட்டத்தில் எழுதினார்: 'மெஷின் சரி. நான்.'

அன்றே மேடத்திடம் சொல்லி, குழந்தைகளோடு உட்கார வேறு ஆள் பார்க்கச் சொன்னார். விஜயகுமாரி வந்தது அப்படித்தான்.

தார்நாகாவில் நரம்பு மருத்துவர் வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தோம்.

"தலைவலி?"

"இல்ல."

"வலிப்பு, மயக்கம்?"

"இல்ல."

"பின்ன எதுக்கு சார் வந்தீங்க?"

அப்பா காத்திருந்தார். "சிதறல் ஜாஸ்தியாயிருக்கு, டாக்டர்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். அவர் நோட்டை வாங்கினார். பன்னிரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டினார். ஸ்கேனுக்கு எழுதினார். மூளையின் முன்பக்கத்தில் கட்டி. சிறியது. அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் சில மாதம்தான் கிடைத்திருக்கும் என்று பிறகு சொன்னார். எங்களுக்கு இருபது மாதம் கிடைத்தது.

அதில் பதினாறு மாதம் அவர் அவராகவே இருந்தார். மாலையில் அம்மாவோடு கடைத்தெரு வரை நடந்தார். ஒன்றாம் தேதி தவறாமல் மாடியேறிப் போய்த் தன்னை அளந்துகொண்டார். எண்கள் மோசமாயின. ஒன்றையும் மறைத்து எழுதவில்லை. கடைசி நாட்களில் பதில் வர ரொம்ப நேரமானது. "டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே நிற்பாள். கேலி செய்வதை நிறுத்திவிட்டிருந்தாள். ஒரு நாள் அப்பாவே, "கைக்கு திட்ட மாட்டேங்கற?" என்றார். அதன் பிறகு மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.

2013 ஜூன் எட்டாம் தேதி இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குச் சுமதி வந்திருந்தார். சௌம்யா அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஓரமாய் நின்றாள்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை விஜயகுமாரி போன் செய்தாள். "அக்கா, ஒண்ணாம் தேதி. சாரோட அளவு இல்லாம மெஷினை எப்படிப் பாக்கறது? நோட்டுல பழைய எண் இருக்கிறது உங்களோடது மட்டும்தான்."

அலுவலக பஸ்ஸை விட்டுவிட்டுப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிடம். வட்டம் வந்தது, முக்கோணம் வந்தது, சில நேரம் எது வந்தது என்றே தெரியவில்லை.

விட்டது பதினொன்று. எனக்கு எப்போதும் ஒன்றுக்கு மேல் போனதில்லை. சிதறல் இரண்டு மடங்கு. விஜயகுமாரி தாளைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"மறுபடி மானிட்டரா, அக்கா?"

உடனே பதில் சொல்லவில்லை. அழுத்தங்களின் பட்டியலை முழுவதும் பார்த்தேன். என் வேகமான அழுத்தங்கள் எல்லாம் பழைய எண்களிலேயே இருந்தன. திரை தாமதித்திருந்தால் அவையும் தள்ளிப் போயிருக்கும்.

"நக்கோ" என்றேன். "மானிட்டர் இல்ல."

நோட்டை எடுத்தேன். அவர் கடைசி வரிக்குக் கீழே என் நான்கு எண்களையும் எழுதினேன். காரணக் கட்டத்தில், 'மெஷின் சரி. நான்' என்று எழுதினேன். வெளியே பெஞ்சில் ஒரு பெண் குழந்தை கால்களை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"கூப்பிடு" என்றேன்.