பெரட்டு தவறாத புத்தகம்

போர்ட்டிக்சன் போகும் வழியில், லுக்குட்டில் பஸ் மாற இறங்குகிறேன். மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் மல்லிகா என்பவர் நடத்தும் சின்னப் புத்தகக்கடை. ஒவ்வொரு புத்தகத்திலும் கைப்பட எழுதிய பரிந்துரைச் சீட்டு. ஒன்றில் "மூணு பெரட்டு", இன்னொன்றில் "ஒரு பெரட்டு".

"அதென்னம்மா கணக்கு?"

"இங்க வாங்குறவங்க எஸ்டேட்டுக்காரங்க, ஐயா. ராவெல்லாம் படிச்சிட்டு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டைக் கோட்டை விட்டுடுவாங்க. எத்தனை பெரட்டு போச்சோ, அவ்வளவு நல்ல புஸ்தகம்லா."

முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளில் சிபாரிசு எழுதியவன் நான். இவ்வளவு நேர்மையான அளவுகோலைக் கண்டதில்லை. மெச்சிக்கொண்டே குனிந்தால், கீழ்த்தட்டில் என் புத்தகம். மனு எழுதும் முறைகளைப் பற்றி ஓய்வுபெற்றபின் நான் எழுதியது. சீட்டில், "பயப்படாம படிக்கலாம். பெரட்டு தவறாது."

யாரென்று சொல்லாமல் அதை வாங்கிப்போய், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் நிமிர்ந்தால், போர்ட்டிக்சன் பஸ் திருப்பத்தில் மறைகிறது. ஆதாரம் கிடைத்துவிட்டது. கடைக்கு ஓடுகிறேன்.

"ஒரு பஸ் போச்சும்மா! சீட்டை மாத்தி எழுதுங்க."

மல்லிகா பேனாவை எடுக்கிறார். புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டைப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"எழுதினவரு பஸ்ஸ விட்டா கணக்குல சேராதுலா, ஐயா."

தன் மனுவுக்குத் தானே சிபாரிசு எழுதக் கூடாது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன். அவர் அதுவரை படித்திருக்கிறார்.