வெயில் சங்கத்து வெங்கடலட்சுமி

ஆந்திராவில் வடமாலபேட்டையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி இருக்கிறது தாடிமேட்டுக் காலனி. அங்கே போய் வெங்கடலட்சுமி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். வெயில் சங்கத்தம்மா வீடு என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும்.

கேலிக்கு வைத்த பெயர்தான் அது. காலனிக் கிணற்றுத் தண்ணீரைச் சூரிய வெளிச்சத்தாலேயே இறைக்கலாம், பஞ்சாயத்து அதற்குத் தீர்மானம் போட வேண்டும் என்று சொல்லி, ஐந்து பேர் இரண்டு வருடமாகத் திங்கட்கிழமை தவறாமல் மண்டல ஆபீசுக்கு மனு தூக்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

மற்ற நாலு பேருக்கு அது பொதுக்காரியம். வெங்கடலட்சுமிக்கு அது மகள் செல்வியின் படிப்பு. மோட்டாருக்குக் கரண்டு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் வரும். வெங்கடலட்சுமி விடிந்ததும் மாந்தோப்புக் கூலிக்குப் போய்விடுவாள். மாமியார் பொன்னியம்மாளுக்கு முட்டிவலி, குடம் தூக்க முடியாது. புருஷன் ஏழுமலை பெங்களூரில் மாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். ஆக, குழாயடியில் நிற்க செல்வியை விட்டால் ஆள் இல்லை. வெயிலில் இறைத்துத் தொட்டியில் தேக்கிவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்தும் பிடிக்கலாம். "இன்னும் பத்து நாள் லீவு போட்டா ஒன்பதாவதிலேயே உட்கார வேண்டியதுதான்" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். குவைத்தில் மூன்று வருடம் அடுத்தவர் வீட்டைத் துடைத்துவிட்டு வந்தவள் வெங்கடலட்சுமி. மகளுக்கும் அதே கதியா என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

பஞ்சாயத்துத் தலைவர் சிட்டிபாபு, அந்தப் பக்கத்து வழக்கில் சர்பஞ்ச், கெட்டவர் இல்லை. ஆனால் பஞ்சாயத்துப் பணத்தில் ஊர் வாசலில் தன் பெயர் போட்டு ஒரு வளைவு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மண்டல ஆபீசிலிருந்து மனுவெல்லாம் தன்னிடமே திரும்பி வர, அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார்: "சரிம்மா. ஏப்ரல் பதினாலு கிராம சபை. என் கண்ணு முன்னால தொட்டி ரொம்பணும். ரொம்பிச்சா தீர்மானம். இல்லன்னா வளைவு. அப்பறம் இந்த வெயில் கதைய யாரும் எடுக்கக் கூடாது."

இதைவிட என்ன வேண்டும்! சங்கத்தில் ஹரிபிரசாத் என்றொரு இளைஞன், சத்தியவேடு பக்கம் கம்பெனியில் வேலை. திருப்பதிக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு சூரியத் தகடும் ஒரு சின்ன மோட்டாரும் இரவல் வாங்கி வந்துவிட்டான். பதின்மூன்றாம் தேதி மத்தியானம் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் பீறிட்டது. சங்கத்தில் இன்னொருவர், ரிட்டயர்டு லைன்மேன் தணிகாசலம், குதித்தே விட்டார். "நாப்பது வருஷம் கம்பம் ஏறி ஏறி எறங்கினேனே, ஒத்தக் கம்பம் இல்லாம ஓடுது பாரு!"

மறுநாள் தமிழ் வருடப் பிறப்பு வேறு. நல்ல நாள், நல்ல காரியம். காலையிலேயே காலனிப் பெண்கள் கூடிவிட்டார்கள். புது மாடு வந்தாலும் புது மிக்ஸி வந்தாலும் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? வெங்கடலட்சுமியே முதலில் தகட்டின் மேல் மூன்று விரலால் மஞ்சள் பட்டை இழுத்துக் குங்குமம் வைத்தாள். அவளுக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் வைத்தார்கள். மேலே இரண்டு முழச் சாமந்தி மாலை.

பதினோரு மணி. வெயில் கொளுத்துகிறது. சபை கூடிவிட்டது. ஹரிபிரசாத் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஒரு முனகல் முனகியது. குழாயிலிருந்து சொட்டு, சொட்டு, அவ்வளவுதான்.

"ஏமம்மா, தண்ணி எங்க?" என்றார் சிட்டிபாபு. கூட்டத்தில் ஒருவன், "வெயிலு பத்தலயாம்பா!" என்றான். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது.

தணிகாசலம் ஒயரைப் பிரிக்கிறார், முறுக்குகிறார், மறுபடி பிரிக்கிறார். ஹரிபிரசாத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சர்பஞ்ச் வளைவுக்கான காகிதத்தை எடுத்து நீவினார். வரிசையில் காலிக் குடத்தோடு செல்வி நின்றிருந்தாள். அவள் முகத்தை வெங்கடலட்சுமி பார்த்தாள்.

நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது? குவைத்தில் மணல்காற்று அடித்த மறுநாள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்தால்தான் வீட்டுக்குள் வெளிச்சம் வரும். அது நினைவுக்கு வந்தது. தகட்டைப் பார்த்தாள். மாலையும் மஞ்சளுமாக அம்மன் மாதிரி நிற்கிறது! குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டோமே!

பாய்ந்து போய் மாலையைப் பிடுங்கினாள். குழாய்ச் சொட்டில் முந்தானையை நனைத்துக்கொண்டு குங்குமத்தில் கை வைக்கப் போனாள்.

"அடிப்பாவி!" என்று அலறினாள் பொன்னியம்மாள். "கட்டினவன் ஊர்ல இல்லாத நேரத்துல, நல்ல நாளும் அதுவுமா, வெச்ச குங்குமத்த அழிக்கிறியே!"

வெங்கடலட்சுமி கையைப் பின்னுக்கு இழுத்தாள். ஏழுமலை இந்நேரம் எத்தனையாவது மாடிச் சாரத்தில் நிற்கிறானோ! பயந்தாள், நிஜமாகவே பயந்தாள். ஆனால் குடத்தோடு நிற்கிறவளை மறுபடி ஒருதரம் பார்த்தாள்.

"உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது அத்தே. வெயிலுக்குக் கண்ணு மறைச்சிகினு கீது, தொறந்து வுடறேன்" என்று சொல்லி அழுத்தித் துடைத்தாள். ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றி மறுபடி துடைத்தாள்.

மோட்டார் உறுமியது. குழாய் ஒரு தும்மல் தும்மியது. அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர்! பக்கத்தில் நின்ற சர்பஞ்சின் வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்தது. "ஒயர்லயே தேடிகினு இருந்தேனே, மட சாம்பிராணி நான்!" என்று தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கேலி செய்தவன்தான் முதலில் விசில் அடித்தான். தொட்டி நிரம்பி வழிந்தபோது சிட்டிபாபு ஈரக் கையோடு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல் தவறவில்லை மனுஷன்.

பொன்னியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். தகட்டடியில் தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு மருமகள் நெற்றியில் அழுத்தி வைத்தாள். "மொதல்ல அவனுக்குப் போன் போடு, சாப்ட்டானான்னு கேளு" என்றாள். அப்புறம் திரும்பி, செல்வியின் இடுப்பிலிருந்த குடத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீ இன்னும் இங்க இன்னாடி நிக்கிற? போய் பொஸ்தவத்த எடு."